ஏட்டுச் சுரைக்காயும் என்னுடைய சுக்கெற்றியும்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். நான் ஒரு தோட்டக்காரனின் மகன். ஐயா வலிகாமம் வடக்கில் செம்மண் காணியில் மிளகாயும் வெங்காயமும் வைத்துத்தான் எங்கள் நாலு பேரையும் வளர்த்தார். ஆனால் எனக்கு நாற்பது வயதாகும்வரை ஒரு விதையை ஊன்றி அது காய்ப்பதைப் பார்த்தவன் இல்லை. எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது, 1990 யூனில், சண்டை தொடங்கி ஊரோடு எழும்பினோம். காணி வேலிக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு ஐயா மற்றவர்களின் தோட்டத்தில் கூலிக்கு நின்றார். "நீ மண்வெட்டியைத் தொடாதை, புத்தகத்தைத் தொடு" என்பதுதான் அவர் எனக்குச் சொன்ன ஒரே புத்தி. நானும் தொட்டேன். பல்கலைக்கழகத்தில் வரலாறும் ஒரு பாடம். அதுவும் அரைவாசியில் நின்றது. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை பூட்டுப்பட்டது. அடுத்த வருடம் நான் சுவிசில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டு நின்றேன்.

கோப்பையில் இருந்து கத்திக்கு வர நாலு வருடம் எடுத்தது. இத்தாலிச் சாப்பாட்டுக் கடை. கத்தி பிடித்த நாளில் இருந்து இன்றுவரை நான் அதிகம் வெட்டியது வெங்காயமும் சுக்கெற்றியும்தான். ஜேர்மனியிலும் கனடாவிலும் இருப்பவர்கள் இதைச் சுக்கினி என்பீர்கள், பிரான்சிலும் லண்டனிலும் கூர்ஜெற். சுவிஸ் ஜேர்மன்காரருக்கு இது சுக்கெற்றி. எங்கள் சனம் பீர்க்கங்காய் கிடைக்காத காலத்தில் இதைப் பால்கறி வைக்கப் பழகி, இப்போது பீர்க்கங்காய் கிடைத்தாலும் இதைத்தான் வாங்குகிறது. பத்து வருடத்துக்கு மேல் வெட்டியும் இது எந்தக் கொடியில், எப்படிக் காய்க்கிறது என்று எனக்குத் தெரியாது. பெட்டியில் வரும், வெட்டுவேன், அவ்வளவுதான்.

2021 இளவேனிலில் எங்களுக்கு ஒரு தோட்டத்துண்டு கிடைத்தது. நகரசபைக் காணி, வருட வாடகை, ஒரு பரப்புக்கும் குறைவு. இந்த நாடுகளில் இப்படித் தோட்டத்துண்டுகளைச் சனத்துக்கு வாடகைக்கு விடும் வழக்கம் உண்டு. 1860களில் ஜேர்மனியில் லைப்சிக் நகரில் தொடங்கிய சங்கத்தில் இருந்து வளர்ந்த வழக்கம் இது. ஷ்ரேபர் என்ற வைத்தியரின் பெயரால் அழைக்கிறார்கள். அந்த மனிதர் அந்தச் சங்கம் தொடங்கமுதலே, 1861இல், இறந்துபோனார் என்பது வேறு கதை. சுவிசில் இரண்டாம் உலக யுத்தத்தின்போது இதற்கு இன்னொரு அர்த்தம் வந்தது. நாலு பக்கமும் யுத்தம், வெளியில் இருந்து சாப்பாடு வருவது குறைந்துவிட்டது. 1940 நவம்பரில் வாலன் என்ற விவசாய நிபுணர் ஒரு திட்டம் சொன்னார்: இருக்கிற இடமெல்லாம் பயிர் வை. சூரிச் நகரத்தின் நடுவில் ஒபரா மண்டபத்துக்கு முன்னால் உள்ள பெரிய திடலிலும் பயிர் வைத்தார்கள். இதை வாசித்தபோது எனக்கு எங்கள் தொண்ணூறுகள்தான் ஞாபகம் வந்தது. பொருளாதாரத் தடை, யூரியா இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, ஆனாலும் வீட்டு வளவுக்குள் மரவள்ளியும் கீரையும் நின்றது. பசி வந்தால் சுவிஸ்காரனும் எங்களைப் போலத்தான்.

சரி, சுக்கெற்றிக்கு வருவோம்.

புதிதாகத் தோட்டம் செய்பவனுக்கு இதைப்போலச் சுலபமான பயிர் இல்லை என்றார்கள். சித்திரை நடுவில் வீட்டு யன்னலோரம் சின்னச் சட்டியில் விதை போட்டேன். விதையை நெட்டுக்கு, ஒரு விரல்கட்டை ஆழத்தில் ஊன்றினால் ஒரு கிழமைக்குள் முளைத்துவிடும். ஆனால் வெளியில் நட அவசரப்படக்கூடாது. இங்கே மே மாதம் 15ஆம் திகதிவரை உறைபனி வரலாம் என்று சனம் நம்புகிறது. அந்த நாட்களுக்கு 'பனிப் புனிதர்கள்' என்று பெயர், கடைசி நாள் 'குளிர்ந்த சோஃபி'. சோஃபி போனபிறகுதான் நட வேண்டும். ஒரு கன்றுக்கு ஒரு மீற்றர் இடம் விட வேண்டும். எருவை நன்றாகத் தின்னும் பயிர் இது. இரண்டு கன்று ஒரு குடும்பத்துக்குத் தாராளம். நான் ஆசையில் ஏழு நட்டேன்.

2021 கோடை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரே மழை. ஓடில்லாத நத்தைகள் இரவோடு இரவாக ஐந்து கன்றைத் தின்றுவிட்டன. மிஞ்சின இரண்டும் பூத்தன. பூ வந்தது, பிஞ்சு வந்தது, விரல் அளவில் மஞ்சளாகி அழுகி விழுந்தது. ஐயாவுக்கு வீடியோ அழைப்பில் காட்டினேன்.

"தம்பி, உது வருத்தம் இல்லையடா. மழைக்குத் தேனீ வரேல்லை. பூசணிக்கும் உப்பிடித்தான். காலமை வெயில் ஏற முதல் போய் ஆண்பூவைப் பிடுங்கி, இதழைக் கிழிச்சுப்போட்டு, பெண்பூவுக்குள்ளை தடவு."

"எது ஆண் எது பெண் எண்டு தெரியேல்லை ஐயா."

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. தன் மகனுக்கு இது தெரியாது என்பதை அவர் அப்போதுதான் உணர்ந்தார் என்று நினைக்கிறேன். பிறகு பொறுமையாகச் சொன்னார். ஆண்பூவுக்கு மெல்லிய நீளக் காம்பு. பெண்பூவுக்குப் பின்னால் குட்டிப் பிஞ்சு ஒட்டிக்கொண்டு நிற்கும். அடுத்த நாள் விடிய வேலைக்குப் போகமுதல் போய்த் தடவினேன். நாலு நாளில் பிஞ்சு திரண்டது. நாற்பத்தொரு வயதில் அப்பனிடம் தோட்டம் படித்த முதல் நாள் அது.

ஓகஸ்டில் வெயில் வந்து தேனீயும் வந்தது. கடையில் வேலை கூடி ஒரு கிழமை தோட்டப்பக்கம் போகவில்லை. போய்ப் பார்த்தால் இலைக்குக் கீழே என் முழங்கைக்குமேல் நீளத்தில் ஒன்று கிடந்தது! தோளில் தூக்கிக்கொண்டு பெருமையாக நடந்தேன். பக்கத்துத் துண்டுக்காரர் எண்பது தாண்டிய இத்தாலியர். நாங்கள் வீட்டில் அவரை 'இத்தாலியப்பு' என்றுதான் சொல்வோம். அவர் பார்த்துச் சிரித்தார். "உதைப் பன்றிக்குப் போடு. அது இனிச் சுக்கினி இல்லை, சுக்கா" என்றார்.

இந்த ஒரு வசனத்தில்தான் முழுச் சரித்திரமும் இருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. இத்தாலி மொழியில் சுக்கா என்றால் பூசணி. சுக்கினா என்றால் சின்னப் பூசணி. பிரெஞ்சிலும் அப்படியே, கூர்ஜ் பூசணி, கூர்ஜெற் குட்டிப் பூசணி. அதாவது இந்த மரக்கறியின் பெயர் உண்மையில் ஒரு பருவத்தின் பெயர். எங்களிடம் அதற்குத் தனிச்சொல்லே இருக்கிறதே! பூ, பிஞ்சு, காய், பழம். சுக்கெற்றி என்பது பூசணிப் பிஞ்சு. பூ வாடி நாலைந்து நாளில், ஒரு சாண் நீளம் வரமுதலே, காம்பில் கொஞ்சம் விட்டுக் கத்தியால் வெட்ட வேண்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை போக வேண்டும். வெட்ட வெட்டத்தான் காய்க்கும். ஒன்றை முற்ற விட்டால் செடி 'என் வேலை முடிந்தது' என்று காய்ப்பதைக் குறைத்துவிடும். நாங்கள் வெட்டும் நேரம்தான் இதைச் சுக்கெற்றி ஆக்குகிறது.

பல்கலைக்கழகத்தில் பாதியில் விட்ட வரலாறு அந்த மழைக்காலம் முடிந்தபிறகு திரும்ப வந்தது. இரவு வேலை முடிந்து வந்து, நித்திரை வராத நேரங்களில் வாசிக்கத் தொடங்கினேன். வாசித்ததில் உறுதியானதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

மெக்சிக்கோவின் தெற்கில் ஓகாக்கா என்ற பிரதேசம். அங்கே கிலா நகிற்ஸ் என்ற ஒரு சின்னக் குகை. 1966இல் கென்ற் ஃபிளனரி என்ற தொல்லியலாளர் அதைத் தோண்டினார். கிடைத்த பூசணி விதைகளையும் காம்புகளையும் முப்பது வருடம் கழித்து புரூஸ் ஸ்மித் என்பவர் திரும்ப ஆராய்ந்து 1997இல் முடிவை வெளியிட்டார். விதைகளில் மூத்தது ஏறக்குறையப் பத்தாயிரம் வருடப் பழையது, அதுவும் காட்டு விதை இல்லை, மனிதர் வளர்த்த விதை. அமெரிக்கக் கண்டத்தில் மனிதர் சோளத்தையும் பயற்றினங்களையும் வளர்க்கமுதலே வளர்த்த பயிர் இது. சுக்கெற்றியும் இதே இனம்தான்.

ஆனால் அந்தச் சனம் இதன் சதையைத் தின்னவில்லை. தின்ன முடியாது. காட்டுப் பூசணி பந்து அளவு, கடும் கைப்பு. குகூர்பிற்றசின் என்ற பொருள்தான் கைப்புக்குக் காரணம், அது நஞ்சு. அந்தக் கைப்பைப் பொருட்படுத்தாமல் தின்றவை யானை மாதிரி இருந்த மஸ்ரொடொன் போன்ற பெரிய மிருகங்கள். மஸ்ரொடொனின் பழைய சாணத்துக்குள் இந்த விதைகளைக் கண்டெடுத்திருக்கிறார்கள். அந்த மிருகங்கள் அழிந்தபிறகு விதையைப் பரப்ப ஆள் இல்லை. அந்த இடத்துக்கு மனிதன் வந்தான். முதலில் விதையை எடுத்துத் தின்றான், கோதைக் குடுவையாகப் பாவித்தான். கைப்புக் குறைந்த கொடியின் விதையை அடுத்த வருடத்துக்கு வைத்தான். அப்படி நூறு தலைமுறை, இருநூறு தலைமுறை பொறுக்கிப் பொறுக்கித்தான் சதை தின்னக்கூடியதாக வந்தது. பெயர் தெரியாத ஆச்சிமார் செய்த வேலை இது. எங்கள் அம்மம்மா நல்ல பூசணியில் துணி கட்டி, விதைக்கு விட்டு, விதையைச் சாம்பலில் பிரட்டி அடுப்புக்கு மேலே தூக்கி வைப்பா. அதே வேலைதான்.

1492இல் கொலம்பஸ் போனார். அதற்குப் பிறகு இந்த விதை கப்பல் ஏறியது. எவ்வளவு வேகமாக வந்தது தெரியுமா? பிரான்சில் ஆன் என்ற ராணிக்காக 1503க்கும் 1508க்கும் இடையில் பூர்டிஷோன் என்ற ஓவியர் ஒரு செபப்புத்தகம் வரைந்தார். அதன் ஓரங்களில் செடிகொடிகள். அதிலே ஒரு அமெரிக்கப் பூசணிக்கொடி இருக்கிறது. ஐரோப்பாவில் இதற்கு முந்திய படம் இல்லை என்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால் அந்தப் படத்துக்கு எழுதியிருக்கும் பெயர் 'துருக்கிச் சுரை'. அமெரிக்காவில் இருந்து வந்த சோளத்துக்கும் இத்தாலியர் வைத்த பெயர் கிரானோதுர்க்கோ, துருக்கித் தானியம். எங்கிருந்தோ வந்தது என்றால் துருக்கி! எங்கள் எல்லோரையும் ஒரே பெயரில் கூப்பிட்டவர்களை நீங்களும் சந்தித்திருப்பீர்கள். :-) ரோமாபுரியில் ஃபார்னேசினா என்ற மாளிகையில் ரஃபாயேலின் சீடர் ஜொவானி த உடினே 1518 அளவில் வரைந்த பழமாலைகளிலும் இந்தப் புதுப் பூசணிகள் தொங்குகின்றன.

அதற்கு முதல் இத்தாலியில் சுக்கா என்ற பெயர் எதற்கு இருந்தது? எங்கள் சுரைக்காய்க்கு! சுரை பழைய உலகத்துக் காய். புதிய விருந்தாளிக்குப் பழைய பெயரைக் கொடுத்தார்கள். இதையேதான் நாங்களும் செய்தோம். பூசணி என்ற பெயரில் எங்களிடம் முன்பே இருந்தது நீத்துப் பூசணி. அமெரிக்காவில் இருந்து வந்த சர்க்கரைப் பூசணிக்கும் அந்தப் பெயரையே கொடுத்துவிட்டோம். தமிழ்நாட்டில் அதைப் பரங்கிக்காய் என்கிறார்கள். பரங்கியன் கொண்டுவந்த காய், பெயரிலேயே கடவுச்சீட்டு இருக்கிறது. மிளகாயும் அப்படித்தான், மிளகின் பெயரை வாங்கிக்கொண்டு வந்து மிளகையே சமையலறையில் ஓரம்கட்டிவிட்டது.

இந்த இடத்தில் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டு ஐயாவின் தோட்டத்தை நினைத்துப் பார்த்தேன். மிளகாய் அமெரிக்கா. புகையிலை அமெரிக்கா. வேலியோர மரவள்ளி அமெரிக்கா. பப்பாசி அமெரிக்கா. உருளைக்கிழங்கு அமெரிக்கா. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூர்வரை போய்ப் பெயரெடுத்தது. 1970 தொடக்கம் 1977வரை சிறிமாவோ அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது மிளகாயும் வெங்காயமும் விற்றுத்தான் எங்கள் பக்கத்தில் கல்வீடுகள் எழும்பின. 1977இல் ஜே.ஆர். கதவைத் திறந்துவிட விலை விழுந்தது, ஐயாவின் தலைமுறைக்கு அது பெரிய அடி. 'எங்கள் மண்ணின் பயிர்' என்று நாங்கள் சொல்வது முக்கால்வாசி கப்பலில் வந்தவை. அதற்காக அவை எங்கள் பயிர் இல்லை என்று யார் சொல்வான்? கிணற்றில் இருந்து துலா மிதித்து இறைத்தவனின் பயிர் அது.

இத்தாலிக்குத் திரும்புவோம். மெக்சிக்கோவில் பிஞ்சாகவும் பூவாகவும் இதைத் தின்கிறார்கள், பூவைக்கூட விடுவதில்லை. இத்தாலியிலும் பிஞ்சில் பிடுங்கும் பழக்கம் நன்றாக ஊன்றிவிட்டது. பிரான்சின் வில்மொரான் என்ற விதைக் கம்பனி மரக்கறிகளைப் பற்றி வெளியிட்ட பெரிய புத்தகத்தின் 1885 ஆங்கிலப் பதிப்பு, இத்தாலியர் இந்தக் காயைச் சின்ன வெள்ளரிக்காய் அளவில், சிலவேளை பூ விரியமுதலே தின்கிறார்கள் என்று அதிசயத்தோடு சொல்கிறது. அந்த நூற்றாண்டின் கடைசியில் வட இத்தாலியில், மிலான் பக்கத்தில், இன்று நாங்கள் பெட்டியில் வாங்கும் நேரான, ஒரே தடிப்பான வகை தேறியது. 'சுக்கினி' என்ற பெயரோடு இந்த வகையை விவரிக்கும் முதல் புத்தகம் 1901இல் மிலானில் வந்ததாம். 1901! எங்கள் கோயில் தேர்கள் சிலவற்றைவிட இளசு. 'ஆதிகாலம் தொட்டு இத்தாலியச் சமையல்' என்று எங்கள் கடை மெனுவில் எழுதிக் கிடக்கிறதே, அந்த ஆதிகாலம் நூற்றிச் சொச்சம் வருடம்தான்.

1880க்கும் 1920க்கும் இடையில் ஏறக்குறைய நாற்பது லட்சம் இத்தாலியர் வறுமையால் அமெரிக்காவுக்குப் போனார்கள். 1920களில் அவர்களோடு சுக்கினியும் அமெரிக்கத் தோட்டங்களுக்குள் வந்தது. பத்தாயிரம் வருடத்துக்கு முன் பிறந்த கண்டத்துக்கே, நானூறு வருடம் கழித்து, இத்தாலிப் பெயரோடு வெளிநாட்டுக் காயாகத் திரும்பிப் போனது. அமெரிக்கர் இன்றும் அதை இத்தாலிப் பெயரில்தான் கூப்பிடுகிறார்கள்.

இத்தாலியப்புவுக்கு இதைச் சொன்னேன். நம்பவில்லை. "சுக்கினி எங்கடை ஊருச் சாமான்" என்றார். பிறகு தன் கதையைச் சொன்னார். அறுபதுகளில் கட்டட வேலைக்கு வந்தவர். பருவகாலத் தொழிலாளர் அனுமதி, வருடத்தில் ஒன்பது மாதம், பிறகு ஊருக்குப் போய்விட வேண்டும், பெண்சாதி பிள்ளையைக் கூட்டிவர முடியாது. 1934இல் வந்த அந்தச் சட்டம் 2002இல்தான் ஒழிந்தது. ஒளித்துக் கூட்டிவந்த பிள்ளைகளை அறைக்குள்ளே சத்தம் போடாமல் வைத்திருந்தவர்கள் பலர். 'அலுமாரிப் பிள்ளைகள்' என்று இப்போது புத்தகங்களில் எழுதுகிறார்கள். இத்தாலியரைச் 'சிங்' என்று பழித்தார்கள். 1970 யூன் 7ஆம் திகதி வெளிநாட்டவரை வெட்டிக் குறைக்கக் கேட்ட ஷ்வார்ட்சன்பாக் பிரேரணைக்கு வாக்கெடுப்பு நடந்தது. அப்போது ஆண்களுக்கு மட்டும்தான் வாக்கு. 54 வீதம் எதிர்த்ததால் தோற்றது. நூறில் நாற்பத்தாறு பேர் 'போ' என்றார்கள். அந்த இரவு இத்தாலியப்பு பெட்டி கட்டி வைத்துவிட்டு வானொலி கேட்டாராம்.

இன்று அதே ஊரில் இத்தாலிச் சாப்பாடு இல்லாத தெரு இல்லை. எண்பத்து மூன்றுக்குப் பிறகு எங்கள் பெடியள் வந்தபோது பழிப்புப் பெயர் எங்களுக்கு மாறியது. 'லெதர் ஜக்கற் தமிழர்' என்று பத்திரிகைகள் எழுதின. பிறகு அந்தப் பெடியள்தான் இந்த நாட்டின் குசினிகளைத் தாங்கினார்கள். இத்தாலிச் சாப்பாட்டைத் தமிழன் சமைக்க, சுவிஸ்காரன் சாப்பிட, மரக்கறி மெக்சிக்கோவுடையது. இதில் யார் உள்ளூர், யார் வெளியூர்?

இப்படியெல்லாம் பெருமிதமாக யோசித்துக்கொண்டிருந்த என் தலையில் 2022 கோடையில் ஒரு குட்டு விழுந்தது.

அந்த முழங்கை நீளக் காயை நான் பன்றிக்குப் போடவில்லை. அம்மம்மாவைப் போல விதை எடுத்துக் காயவைத்தேன். 2022இல் கடை விதை வாங்காமல் அதையே ஊன்றினேன். காய்த்தது. ஒன்று நீளம், ஒன்று உருண்டை, ஒன்றில் மேடும் பள்ளமும். கலப்பு விதை போலும் என்று பிஞ்சைப் பிடுங்கிப் பால்கறி வைத்தேன். மனைவி உப்புப் பார்க்க வாயில் வைத்தவள் உடனே துப்பினாள். "என்னப்பா, பாவக்காய் போட்டனீங்களோ?" நான் வாயில் வைத்தேன். நாக்கு சுருண்டது. நான் சொன்னேன், "கொஞ்சம் புளிவிட்டால் சரிவரும், பாவக்காய் தின்னுற எங்களுக்கு உதென்ன கைப்பு." பிள்ளைகள் கோப்பையோடு இருந்தார்கள். என்னவோ மனம் கேட்கவில்லை. ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போய் இத்தாலியப்புவுக்குக் காட்டினேன். அந்த மனிதர் கோபப்பட்டு அன்றுதான் பார்த்தேன். "கொட்டு! சட்டியோடை கொட்டு!" என்றார்.

விடயம் இதுதான். எங்கள் வரிசையில் கடைசித் துண்டுக்காரி இலையுதிர்காலத்தில் வாசலில் அடுக்க அலங்காரப் பூசணி வளர்க்கிறா. அதுவும் சுக்கெற்றியும் ஒரே இனம். 2021 ஓகஸ்டில் மழை விட்டதும் வந்த தேனீ அங்கேயும் போய் என் பூவுக்கும் வந்திருக்கிறது. அலங்காரப் பூசணியில் பழைய கைப்பு இன்னும் இருக்கிறது. பத்தாயிரம் வருடம் ஆச்சிமார் பொறுக்கி எறிந்த நஞ்சு ஒரே ஒரு தேனீயால் என் சட்டிக்குள் திரும்பி வந்துவிட்டது. 2015இல் தென் ஜேர்மனியில் ஹைடன்ஹைம் என்ற ஊரில் தோட்டத்துச் சுக்கினியைக் கைக்கக் கைக்கத் தின்ற 79 வயது முதியவர் ஒருவர் இறந்துபோனார். அவித்தாலும் பொரித்தாலும் அந்த நஞ்சு போகாது. பாகற்காயின் கைப்பு வேறு, இது வேறு. எங்கள் சனம் கைப்புக்குப் பழகிய சனம், அதனால்தான் எங்களுக்கு ஆபத்துக் கூட. ஆகவே இதை வாசிக்கிற தோட்டக்காரருக்கு ஒரு வேண்டுகோள்: பிஞ்சை வெட்டியதும் பச்சையாக ஒரு சின்னத் துண்டை நுனிநாக்கில் வைத்துப் பாருங்கோ. கைத்தால் துப்பிவிட்டு, செடியோடு எறியுங்கோ.

அன்று இரவு நித்திரை இல்லை. மெக்சிக்கோக் குகையும் ராணியின் புத்தகமும் தெரிந்த எனக்கு என் பிள்ளையின் கோப்பைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். உதவாதது மட்டுமில்லை, ஆளையும் கொல்லும்.

ஐயாவுக்குச் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். "என்னிலைதான் பிழை தம்பி. உன்னை மண்வெட்டி தொட விடேல்லை" என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்கு ஏச்சைவிட வலித்தது.

பிறகு அவரும் இத்தாலியப்புவும் சேர்ந்து எனக்குச் சொல்லித்தந்தார்கள். ஒருவர் வீடியோவில், மற்றவர் வேலிக்கு அங்கால். நான் நடுவில் மொழிபெயர்ப்பு. அப்பு தன் ஊரில் இருந்து கொண்டுவந்து வருடாவருடம் காப்பாற்றும் வரி வரியான ரோமாபுரி வகையில் ஆறு விதை தந்தார். கடையில் வாங்கும் கலப்பின விதை அடுத்த வருடம் தாயைப்போல வராது, இது வரும். விதைக்கு விடும் பெண்பூ நாளைக்கு விரியும் என்று தெரியும்போது இன்று பின்னேரமே அதன் வாயைக் கட்டிவிட வேண்டும், ஆண்பூவையும் அப்படியே. விடிய அவிழ்த்து, கையால் தடவி, திரும்பக் கட்டி, காம்பில் துணி முடிய வேண்டும். அந்தக் காயை மட்டும் முற்ற விட வேண்டும். நகம் இறங்காத அளவுக்குத் தோல் இறுகிய பிறகு வெட்டி, சில கிழமை வைத்து, விதை எடுத்துக் காயவைக்க வேண்டும். இரண்டு கிழவர்களும் ஒரே முறையைத்தான் சொன்னார்கள். ஒருவருக்கு மற்றவரின் மொழி ஒரு சொல் தெரியாது. 2023இல் என் மகளின் தலைமயிர் றிபனால் அந்தப் பூவைக் கட்டினேன். 2024இல் அந்த விதை முளைத்தது, கைக்கவில்லை.

வலிகாமம் வடக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் காணிகள் விடுபட்டிருக்கின்றன. எங்கள் எட்டுப் பரப்பு இன்னும் வேலிக்குள். ஐயாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. சுவிசில் ஒரு பரப்பும் இல்லாத வாடகைக் காணியில் நான் என்ன வைத்தாலும் யாரும் கேட்பதில்லை. சொந்தக் காணியில் ஒரு கீரைவிதை போட ஐயாவுக்கு வழியில்லை. ஒரு பயிர் எந்த ஊருக்கும் போய் இரண்டு தலைமுறையில் அந்த ஊர்ச் சாமான் ஆகிவிடும் என்று இந்தச் சரித்திரத்தில் படித்தேன். ஆனால் அதற்கு மண் வேண்டும், பக்கத்தில் சொல்லித்தர ஒரு ஆள் வேண்டும். எனக்கு மண் இங்கே, ஆள் அங்கே.

போன முறை கதைக்கும்போது விதைப் போத்தலைக் காட்டினேன். நல்லாய்க் காயவைத்தால் நாலைந்து வருடம் உயிரோடு இருக்கும் என்றேன்.

"நாலைஞ்சு வருசமோ... எங்கடை காணி விட்டால் செம்மண்ணுக்கு உது நல்லாய் வரும்" என்றார். பிறகு தானே சொன்னார், "விடாட்டிலும் பரவாயில்லை. வாடகை வீட்டு முத்தத்திலை உரப்பையிலை மண்ணைப் போட்டு வைக்கலாம். பிஞ்சிலை பிடுங்குற சாமான்தானே, கனநாள் காத்திருக்கத் தேவையில்லை."

போத்தலில் முப்பத்தெட்டு விதை இருக்கிறது. எண்ணி வைத்திருக்கிறேன்.